32 புள்ளி அகலத்தில் ஒரு பழைய படம்

ஜூன் மாதம் ஹட்டனில் மழை பிடித்தால் பிடித்ததுதான். கொடியில் போட்ட சட்டை மூன்று நாளானாலும் காயாது. பற்றவைக்கும் இரும்பைச் சூடாக்கினால் குளிர்காயப் பூனை வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும். அப்படியொரு மழை வாரத்தில்தான் இந்தப் பதிவில் வரும் பிழையைப் பிடித்தேன். பிடிக்க ஒன்பது நாள் எடுத்தது என்பதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

செய்துகொண்டிருந்தது, தேயிலைத் தூளில் நாரும் குச்சியும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று எண்ணிச் சொல்லும் ஒரு சிறு பெட்டி. பெரிய தொழிற்சாலைகளில் கலர் சோர்ட்டர் இருக்கிறது. கேமரா பார்த்து, நிறம் வெளிறிய துண்டைக் காற்றடித்துத் தள்ளிவிடும். என் பெட்டி எதையும் தள்ளாது, எண்ணும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு டீமேக்கர் (தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவர்) ஐயா கேட்டதால் தொடங்கிய வேலை. அவர் ஓய்வுபெற்றுப் பல வருடமாகியும், தெரிந்தவர்கள் இன்னும் மாதிரித் தூளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். வெள்ளைத் தாளில் ஒரு பிடி பரப்பி, விரலால் ஒரு கோடு இழுத்து, "இதில் நார் கூட, சல்லடையைப் பாருங்கள்" என்பார். ஒருநாள் என்னிடம், "தம்பி, கண் முன்னைப்போல் இல்லை. மழை இருட்டில் நாரும் தெரிவதில்லை, தூளும் தெரிவதில்லை. உன் கம்ப்யூட்டர் எண்ணுமா?" என்று கேட்டார். எண்ணும் ஐயா என்று சொல்லிவிட்டேன்.

கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாக இருப்பது தோஷிபாவின் டிசிடி1304 என்ற நேர்கோட்டு உணரி. ஒரே வரிசையில் 3648 புள்ளிகள். ஒளி படாத ஓரப் புள்ளிகளையும் சேர்த்தால் ஒரு வரிக்கு 3694 மாதிரிகள் வெளியே வரும். நாம் கொடுக்கும் கடிகாரத் துடிப்பின் நாலிலொரு பங்கு வேகத்தில் அவை வரும். நான் 2 மெகாஹேர்ட்ஸ் கொடுத்தேன்; ஆகவே செக்கனுக்கு 5 இலட்சம் மாதிரி, ஒரு வரிக்கு ஏறத்தாழ 7.4 மில்லிசெக்கன். மூளையாக இருப்பது பீகிள்போன் பிளாக் என்ற ஒரு பழைய குட்டிக் கணினிப் பலகை, 512 மெகாபைட் நினைவகம். அதிலுள்ள ஏஎம்335எக்ஸ் சிப்பில், லினக்ஸ் ஓடும் கோர்டெக்ஸ் ஏ8 செயலிக்குப் பக்கத்தில் பிஆர்யூ என்ற இரண்டு குட்டிச் செயலிகள் இருக்கின்றன. 200 மெகாஹேர்ட்ஸ் வேகம். பெரும்பாலான கட்டளைகளுக்குத் தலா 5 நானோசெக்கன். லினக்ஸ் பக்கம் என்ன கலவரம் நடந்தாலும் அவற்றின் தாளம் தப்பாது. ஒன்று உணரிக்குக் கடிகாரம் கொடுக்கிறது. மற்றது, உணரியின் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 12 பிட் ஏடிசியை 12 பின்கள் வழியாக வாசித்து நேரே பலகையின் டிடிஆர் நினைவகத்தில் எழுதுகிறது. அந்த 12 பின்களும் எச்டிஎம்ஐ திரைக்குரியவை. திரையை நிறுத்திவிட்டு வலையமைப்பு வழியாகத்தான் பலகையோடு பேச்சுவார்த்தை. ஏடிசியும் சில்லறைச் சாமான்களும் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். விளக்குக்கான வெள்ளை எல்ஈடி பட்டை ஹட்டன் கடைத்தெருவிலேயே கிடைத்தது.

இனிமேல் கெர்னல் (லினக்ஸின் உட்கரு) செயற்கூறுகளின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப்போகிறேன். வாய்விட்டுப் படித்தால் அசல் பெயர் கிடைத்துவிடும். அடிக்கோடுகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வடிவத்தில் இயக்கி (வன்பொருளைக் கையாளக் கெர்னலுக்குள் ஓடும் நிரல்) என்று ஒன்று இல்லவே இல்லை. பூட் வரியில் மெம் என்ற அளவுருவைப் போட்டு, நினைவகம் 510 மெகாபைட்தான் என்று கெர்னலிடம் பொய் சொன்னேன். மறைத்துவைத்த மேல் 2 மெகாபைட்டில் பிஆர்யூ எழுதும். என் நிரல் ரூட் உரிமையோடு, நினைவகத்தை நேரே காட்டும் டெவ் மெம் கோப்பைத் திறந்து அந்த இடத்தைப் பார்க்கும். பல மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் கெர்னலைப் புதுப்பித்தபோது பூட் கோப்பு புதிதாக எழுதப்பட்டு, நான் சொன்ன பொய்யும் அதோடு போய்விட்டது. கெர்னல் 512 மெகாபைட்டையும் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டது. பிஆர்யூவுக்கு அது எப்படித் தெரியும்? வழக்கம்போல் தேயிலைப் படத்தைக் கெர்னலின் மடியில் கொட்டியது. பலகை உறைந்து நின்றது. நினைவகத்தை முறைப்படி கேட்டுப் பெற்று முறைப்படி காட்டும் ஓர் இயக்கியை எழுதுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

கெர்னலின் நினைவகத்தை நகலெடுக்காமல் நிரலுக்கு நேரே காட்டும் வழிக்கு எம்மேப் என்று பெயர். நியாயமாகப் பார்த்தால் இதற்கு எம்மேப் தேவையே இல்லை. செக்கனுக்கு 1 மெகாபைட்தான் வருகிறது; ரீட் அழைப்பில் நகலெடுத்துக் கொடுத்தால் இந்தப் பழைய சிப்புக்கும் அது பொருட்டாக இருக்காது. ஆனால் ஒரு நார் பல வரிகளில் நீண்டு கிடக்கும். கடந்துபோன வரிகளைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பிஆர்யூ வரிகளைச் சுற்றிச் சுற்றி எழுதும் முழு வளையமும் கண்முன் விரித்துக் கிடந்தால் வசதி. ஆசையும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

எம்மேப் என்ன செய்கிறது என்பது எளிது. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு பக்க அட்டவணை உண்டு; அந்த நிரல் பார்க்கும் முகவரி உண்மையான நினைவகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அது சொல்லும். இயக்கியின் எம்மேப் செயற்கூறு, கெர்னல் வைத்திருக்கும் பஃபரின் (தரவு வந்து சேரும் நினைவகத் துண்டின்) பக்கங்களை நிரலின் அட்டவணையிலும் எழுதிவிடுகிறது. ஒரே பக்கம், இரண்டு முகவரி. எதுவும் நகர்வதில்லை, நகலும் இல்லை. பக்கக் கணக்கில்தான் இதெல்லாம் நடக்கும் என்பதால் ஒவ்வொரு வரியையும் 8192 பைட்டாக, அதாவது சரியாக இரண்டு பக்கமாக வைத்துக்கொண்டேன். 256 வரிகளுக்கு 2 மெகாபைட். வளையம் ஒரு சுற்று வர ஏறத்தாழ 1.9 செக்கன் ஆகும். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

முதல் முயற்சி எல்லோரும் செய்வதுதான். கெர்னலுக்குள் நினைவகம் ஒதுக்கும் கேஇசட்அல்லாக்கில் 2 மெகாபைட் வாங்கி, வெர்ட் டூ ஃபிஸ் போட்டு உண்மை முகவரியைக் கண்டுபிடித்து, அதை, நிரலின் அட்டவணையில் பக்கங்களை எழுதும் ரீமேப் பிஎஃப்என் ரேஞ்சுக்குக் கொடுத்தேன். பழைய 2.6 கெர்னல் காலத்து உதாரணம் ஒன்றைப் பார்த்து எழுதியதால் அதிலிருந்த விஎம் ரிசர்வ்ட் கொடியையும் சேர்த்துவிட்டேன், தொகுப்பான் திட்டியது. அந்தக் கொடி 3.7 கெர்னலிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. பக்கம் பக்கமாக ரிசர்வ் செய்யும் சுற்று ஒன்றும் அந்த உதாரணத்தில் இருந்தது. அதுவும் இன்று தேவையில்லை. தேவையான கொடிகளை ரீமேப் பிஎஃப்என் ரேஞ்ச் தானே போட்டுக்கொள்கிறது.

ஆனால் ஒன்றை அது பார்ப்பதில்லை: கேட்கும் நீளம் உங்கள் பஃபருக்குள் அடங்குகிறதா என்பதை. சோதித்துப் பார்க்க 2 மெகாபைட் பஃபரிலிருந்து 3 மெகாபைட் கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் கொடுத்தது. மூன்றாவது மெகாபைட்டைத் திரையில் கொட்டிப் பார்த்தால், குப்பைக்கு நடுவே அன்று காலை நான் அடித்த கட்டளைகள் வரிசையாகக் கிடந்தன. யாரோ ஒருவரின் மடி அது. எழுதியிருந்தால் அவ்வளவுதான். சரிபார்ப்பைப் பைட் கணக்கில் செய்யாமல் பக்கக் கணக்கில் செய்யுங்கள். 32 பிட் இயந்திரத்தில் பெரிய ஆஃப்செட் (தொடக்கத்திலிருந்து எத்தனை பக்கம் தள்ளி என்ற எண்) ஒன்றைப் பைட்டாக மாற்றும்போது எண் சுற்றிக்கொண்டு சிறியதாகிவிடும், சரிபார்ப்பும் ஏமாந்துபோகும். முதலில் ஆஃப்செட் மொத்தப் பக்கங்களுக்குக் குறைவா என்று பார்த்து, அதன் பிறகு, கேட்ட பக்கங்கள் மீதிக்குள் அடங்குகின்றனவா என்று பாருங்கள். கூட்டாதீர்கள், கழியுங்கள்.

இப்போது அந்த ஒன்பது நாள்.

படம் வந்தது. வெள்ளைத் தாளில் பரப்பிய தூள், நடுவில் மூன்று நார்கள், எல்லாம் சரி. தாளை மெதுவாக நகர்த்தினால் படத்தில் அங்கங்கே ஒட்டுப்போட்டதுபோல் துண்டுகள்: சுற்றிவர புதுப்படம், துண்டுக்குள் மட்டும் வேறு ஏதோ. முதல் சந்தேகம் விளக்கின்மேல். மின்சாரத்தில் ஓடும் விளக்கு செக்கனுக்கு 100 தரம் துடிக்கும். என் வரி 7.4 மில்லிசெக்கன், இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை விழும். அப்படி விழவும் செய்தது. எல்ஈடிக்கு நேர்மின்னோட்டம் கொடுத்ததும் அந்தப் பட்டை போய்விட்டது. ஒட்டுத்துண்டு போகவில்லை. அடுத்து ஈரத்தின்மேல் பழி. இங்கே ஈரத்தின்மேல் பழி போடுவது சுலபம், பாதி நேரம் உண்மையாகவும் இருக்கும். பலகையைக் கழற்றி ஐசோபுரோப்பைலால் துடைத்து, அடுப்படியில் ஒரு நாள் காயவைத்தேன். துண்டு இருந்த இடத்தில் இருந்தது. ஏடிசியின் இணைப்புகளை மறுபடி பற்றவைத்தேன். மண்ணிணைப்புக் கம்பியைத் தடித்ததாக மாற்றினேன். ஒரு வாரம் இப்படிப் போனது.

எட்டாம் நாள் மின்வெட்டு. மடிக்கணினியில் சேமித்துவைத்த ஒரு படத்தை வேறு வேலையில்லாமல் பெரிதாக்கி, ஒரு துண்டின் அகலத்தைப் புள்ளி புள்ளியாக எண்ணினேன். 32. இன்னொரு துண்டு, 32. மூன்றாவது 64. தொடங்கும் இடங்களைக் குறித்தேன்: 416, 1120, 2592. எல்லாம் 32-இன் மடங்கு. ஈரத்துக்கு இவ்வளவு கணிதம் தெரியாது. ஒரு மாதிரி 2 பைட். 32 மாதிரி 64 பைட். செயலி தன் பக்கத்திலேயே நகல் வைத்துக்கொள்ளும் சிறு நினைவகம் கேஷ்; கோர்டெக்ஸ் ஏ8-இன் கேஷ் வரி ஒன்றின் நீளம் 64 பைட்.

மின்சாரம் வந்ததும் செய்த முதல் வேலை, வளையத்தை 256 வரியிலிருந்து 16 வரியாகக் குறைத்தது. 16 வரி என்றால் 128 கிலோபைட். இந்தச் சிப்பின் இரண்டாம் நிலைக் கேஷ் 256 கிலோபைட், ஆகவே முழு வளையமும் அதற்குள் அடங்கிவிடும். நான் நினைத்தது சரியென்றால் படம் உறைந்துபோக வேண்டும். உறைந்தது. தாளை எடுத்துவிட்டுக் கையை வைத்தாலும் திரையில் பழைய தூள்தான், அங்கங்கே மட்டும் கைரேகைத் துணுக்குகள். வளையத்தை மறுபடி பெரிதாக்கினால் துண்டுகள் குறைந்தன. துண்டுக்குள் தெரிவது, ஒரு சுற்றுக்கு முன், ஏறத்தாழ இரண்டு செக்கனுக்கு முன் அதே இடத்தில் இருந்த படம்.

ஐயாவுக்கு இதை விளக்கத் தோட்டத்துக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். ஆபீஸில் செக்ரோல் (தொழிலாளரின் வேலைக் கணக்குப் பேரேடு) இருக்கிறது, அதுதான் உண்மையான நினைவகம். மலையில் நிற்கும் கணக்கப்பிள்ளையிடம் ஒரு பைப்புத்தகம், அது கேஷ். ஒவ்வொரு பேருக்கும் ஆபீஸுக்கு நடக்க முடியாது என்பதால் ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு அதிலிருந்தே பதில் சொல்வார். இதற்கிடையில் வேறொருவர், நம்முடைய பிஆர்யூ, நேரே ஆபீஸுக்குப் போய்ச் செக்ரோலில் புதுக் கணக்கை எழுதிவிட்டு வருகிறார். கணக்கப்பிள்ளையிடம் சொல்வதில்லை. கணக்கப்பிள்ளை காலையில் எழுதிய பழைய எண்ணையே சத்தியமாகச் சொல்கிறார். ஐயா சிரித்துவிட்டு, "இதற்காகத் தோட்டத்தில் எத்தனை சண்டை பார்த்திருக்கிறேன்" என்றார்.

இந்தச் சிப்பில் பிஆர்யூ எழுதுவதைக் கோர்டெக்ஸ் ஏ8-இன் கேஷ் தானாக அறிந்துகொள்ள வழியில்லை. மேசைக் கணினிகளில் வன்பொருளே இதைப் பார்த்துக்கொள்வதால், அங்கே எழுதிப் பழகியவர்களுக்கு இப்படியொரு நோய் இருப்பதே தெரியாது.

உடனே மருந்து போட்டேன், அவசர மருந்து. நிரலுக்குக் காட்டும்போது பிஜிப்ராட் நான்கேஷ்ட் போட்டு, இந்தப் பக்கங்களைக் கேஷில் வைக்காதே என்று அட்டவணையில் எழுதிவிட்டேன். பழைய படத்துண்டுகள் மாயமாய் மறைந்தன. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் மொடியூலை (இயக்கியைக் கெர்னலில் ஏற்றும் கோப்பை) ஏற்றியதும், முதல் சுற்றில், பஃபரின் கடைசிப் பகுதியில் சில கறுப்புத் துண்டுகள். இதற்கும் அகலம் 32. உள்ளே முழுக்கப் பூச்சியம். ஓரிரு சுற்றில் தானாகப் போய்விட்டது. மொடியூலை இறக்கி ஏற்றினால் மறுபடி வந்து மறுபடி போனது. தானாகச் சரியாகும் பிழைக்குத்தான் நான் மிகவும் பயப்படுவேன். ஏறி இறங்கும் காய்ச்சல் மாதிரி.

இதற்கும் அதே கணக்கப்பிள்ளைதான் காரணம். கேஇசட்அல்லாக் நினைவகத்தைக் கொடுக்கும்போது பூச்சியத்தால் நிரப்பித் தருகிறது. அந்தப் பூச்சியங்களைக் கெர்னல் எழுதியது தன் பைப்புத்தகத்தில். கடைசியாக எழுதியவை இன்னும் செக்ரோலுக்குப் போகவில்லை. பிஆர்யூ செக்ரோலில் படத்தை எழுதி முடித்த பிறகு, பைப்புத்தகத்தில் இடம் போதாமல் கணக்கப்பிள்ளை ஆபீஸுக்கு வந்து, காலையில் எழுதிய பூச்சியங்களைப் புதுக் கணக்கின்மேல் அப்படியே பதிந்துவிட்டுப் போகிறார். இப்படிச் செக்ரோலில் பதியாமல் கிடக்கும் அழுக்கு வரிகள் தீர்ந்ததும் தொல்லை தீர்கிறது. நான் நிரல் பயன்படுத்தும் முகவரிக்குத்தான் கேஷ் வேண்டாம் என்றேன். கெர்னல் பயன்படுத்தும் முகவரிக்குக் கேஷ் இருந்துகொண்டேயிருந்தது. ஒரே பக்கத்துக்கு இருவர் இரண்டு விதமான பார்வை வைத்திருப்பதை ஏஆர்எம் கட்டமைப்பு விதிகளே கூடாது என்கின்றன.

முறையான வழி டிஎம்ஏ அல்லாக் கோஹெரன்ட். இது தரும் நினைவகத்தைக் கெர்னலும் கேஷில்லாமல்தான் பார்க்கும். பூச்சியம் நிரப்பிய பிறகு கேஷைக் கழுவிவிட்டுத்தான் கையில் கொடுக்கும். 2 மெகாபைட்டைத் தொடர்ச்சியாகப் பிடிக்கும் தொல்லையும் இதில் குறைவு. பலகை பல நாள் ஓடியபின் கேஇசட்அல்லாக்கில் அவ்வளவு பெரிய தொடர்ச்சியான இடம் கிடைக்காமல் இரண்டு தரம் தோற்றிருந்தேன். இதற்கென்று முன்கூட்டி ஒதுக்கிய சிஎம்ஏ பகுதி கெர்னலில் இருந்தால், இது அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

இந்தச் செயற்கூறு இரண்டு முகவரிகளைத் தருகிறது: கெர்னல் பயன்படுத்த ஒன்று, சாதனம் பயன்படுத்த ஒன்று. பிஆர்யூவுக்கு இரண்டாவதைக் கொடுக்க வேண்டும். முதலாவதை எடுத்து வெர்ட் டூ ஃபிஸ் போடும் பழைய பழக்கம் எனக்கு இருந்தது. சில அமைப்புகளில் தற்செயலாகச் சரியான விடை வரும். சிலவற்றில் சம்பந்தமே இல்லாத இடத்தைக் காட்டும். கெர்னல் அந்த நினைவகத்தை வேறொரு முகவரிப் பகுதியில் புதிதாகக் காட்டியிருக்கலாம், அங்கே அந்தக் கணக்குச் செல்லாது. நிரலுக்குக் காட்டுவதற்கும் ரீமேப் பிஎஃப்என் ரேஞ்சை நேரே அழைக்காமல் டிஎம்ஏ எம்மேப் கோஹெரன்ட்டை அழையுங்கள். எந்தக் கேஷ் விதி பொருந்தும் என்று அதற்குத் தெரியும். நீளத்தையும் அதுவே சரிபார்க்கிறது.

அதன் சரிபார்ப்பே என் அடுத்த மாலையைத் தின்றது. வரி எண்களை வைக்கத் தலைப்பக்கம் என்று ஒரு பக்கம் தனியாக ஒதுக்கியிருந்தேன். ஆஃப்செட் 0 என்றால் அந்தப் பக்கம், 1 பக்கம் தள்ளிக் கேட்டால் படம் என்று எனக்குள் ஓர் ஏற்பாடு. இரண்டும் தனித்தனிப் பஃபர். படத்தைக் கேட்டால் "அப்படியொரு சாதனமோ முகவரியோ இல்லை" என்று பதில். இந்தச் செயற்கூறு ஆஃப்செட்டைத் தன் பஃபருக்குள் உள்ள தூரமாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் தள்ளித் தொடங்கி முழு 2 மெகாபைட் என்றால் ஒரு பக்கம் வெளியே போகிறதல்லவா. எந்தப் பஃபர் என்று தெரிந்துகொண்டதும் ஆஃப்செட்டை வைத்திருக்கும் விஎம் பிஜிஆஃப் மதிப்பைப் பூச்சியமாக்கிவிட்டு அழைத்தேன். சரியானது.

எந்த வரிவரை படித்தேன் என்று நிரல் அந்தத் தலைப்பக்கத்தில் எழுதும். இயக்கி அதைப் பார்த்துப் பின்தங்கிவிட்டதா என்று கணிக்கும். இயக்கி எப்போதும் பூச்சியத்தையே பார்த்தது. நிரலில் படித்தால் நான் எழுதிய எண் சரியாக இருக்கிறது! பதற்றத்தில் மறுபடி கேஷ் என்று கத்தப் பார்த்தேன். பார்த்தால் எம்மேப் அழைப்பில் ஷேர்ட் என்று எழுத வேண்டிய இடத்தில் பிரைவேட். அப்படிக் கேட்டால் எழுதும் கணத்தில் அந்தப் பக்கத்துக்குத் தனி நகல் ஒன்று உருவாகிவிடும். நான் என் நகலில் எழுதி என் நகலையே படித்துக்கொண்டிருந்தேன். இப்போது விஎம் ஷேர்ட் கொடி இல்லாவிட்டால் இயக்கி கதவைத் திறப்பதில்லை.

அடுத்த விபத்து பெரியது, ஆனால் சொல்ல அதிகமில்லை. நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் தொல்லை வேண்டாமென்று, சாதனம் பிரிந்ததும் தானாக விடுவிக்கும் டிஎம்ஏஎம் வகையைப் பயன்படுத்தியிருந்தேன். நிரல் பார்த்துக்கொண்டிருக்கும்போது மொடியூலை இறக்க முடியாது. எம்மேப் செய்த பகுதி கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், கோப்பு மொடியூலைப் பிடித்துக்கொண்டிருக்கும். கோப்பை மூடினாலும் எம்மேப் பகுதியை விடும்வரை இயக்கியின் ரிலீஸ் செயற்கூறு அழைக்கப்படுவதில்லை. இதை நம்பி இருந்தேன். ஆனால் சிஸ்எஃப்எஸ் (கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) வழியாக அன்பைண்ட் செய்தால், அதாவது இயக்கியைச் சாதனத்திலிருந்து பிரித்தால், இந்தச் சங்கிலியை யாரும் கேட்பதில்லை. சாதனம் பிரிந்தது, நினைவகம் விடுபட்டது, கெர்னல் அதை வேறு வேலைக்குக் கொடுத்தது. பிஆர்யூவை நிறுத்த யாரும் நினைக்கவில்லை, நான் உட்பட. தேயிலைப் படம் கோப்பு முறைமையின் பஃபர்களுக்குள் போய் அங்கிருந்து அட்டைக்கும் போனது. எஸ்டி அட்டையைப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. "ரோதை முனிக்குத் தேங்காய் உடைக்காமல் மிஷினைப் போட்டாயா?" என்றார் ஐயா, தேயிலைத் தொழிற்சாலையின் காவல் தெய்வத்தை நினைத்து. இப்போது ரிமூவ் செயற்கூறின் முதல் வரி பிஆர்யூவை நிறுத்துவது. நினைவகத்தைக் கடைசிப் பயனரும் போன பிறகு, ஓர் எண்ணிக்கை வைத்து நானே விடுவிக்கிறேன். அன்பைண்ட் கோப்பையும் இயக்கியில் சப்ரஸ் பைண்ட் ஆட்ரஸ் போட்டு மறைத்துவிட்டேன்.

இவ்வளவும் செய்து முடித்து நாரெண்ணும் நிரலை ஓட்டினால், அது ஆமை. கேஷ் இருந்தபோது சும்மா கிடந்த செயலி இப்போது மூச்சு வாங்கியது, வரிகள் தவறின. காரணம் யோசித்தால் எளிது. கேஷ் வேண்டாம் என்றேன் அல்லவா, கணக்கப்பிள்ளையின் பைப்புத்தகத்தைப் பிடுங்கிவிட்டேன். இனி ஒவ்வொரு எண்ணுக்கும் அவர் ஆபீஸ் வரை நடக்கிறார். என் நிரல் ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளிகளோடு ஒப்பிட ஏழெட்டுத் தரம் படிக்கிறது. ஒவ்வொன்றும் டிடிஆர் வரை போய்வரும் நடை.

எம்மேப் செய்த இடத்திலிருந்து ஒரு வரியை மட்டும் என் சொந்த வரிசைக்கு ஒரே மூச்சில் நகலெடுத்து, அந்த நகலில் வேலை செய்தேன். வேகம் வந்துவிட்டது. நகலே வேண்டாமென்று தொடங்கிய வேலை நகலில் வந்து முடிந்ததைப் பார்த்து என்னைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை. கேஷோடு காட்டிவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் முன் இயக்கிக்குக் கட்டளை அனுப்பும் ஓர் அயாக்டல் அழைத்து டிஎம்ஏ சிங்க் சிங்கிள் ஃபார் சிபியூ மூலம் அந்த வரியின் கேஷை மட்டும் கழுவும் வழியும் உண்டு. செக்கனுக்குப் பத்து இருபது மெகாபைட் வந்தால் அதைத்தான் செய்வேன். 1 மெகாபைட்டுக்கு இந்த நகல் போதும். யாராவது என்னிடம் கேட்டால், முதலில் ரீட் எழுதுங்கள், அது தடுமாறினால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள் என்பேன்.

நகலெடுக்கும்போது பிஆர்யூ ஒரு சுற்று வந்து அதே வரியின்மேல் எழுதத் தொடங்கினால்? ஒவ்வொரு வரியின் 8192 பைட்டில் படத்துக்கு 7388 பைட்தான் செலவாகிறது, மிச்சம் இருக்கிறது. வரி தொடங்கும்போது முதல் இடத்தில் வரி எண்ணை எழுதுகிறது பிஆர்யூ, முடிந்தபின் கடைசி இடத்திலும் அதே எண்ணை எழுதுகிறது. நான் கடைசி எண்ணை முதலில் படித்து, படத்தை நகலெடுத்து, முதல் எண்ணைக் கடைசியில் படிக்கிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் வரி நல்லது, வேறாக இருந்தால் தூக்கி எறிகிறேன். படிக்கும் வரிசையைத் தொகுப்பானோ செயலியோ மாற்றிவிடாமல் இருக்க, கடைசி எண்ணை அக்வயர் முறையில் படித்து, முதல் எண்ணுக்கு முன் ஒரு தடுப்பும் போட்டிருக்கிறேன். புது வரி வந்ததா என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பதில்லை. 8 வரிக்கு ஒரு தரம் பிஆர்யூ மணியடிக்கும், சேதி வரும்வரை காத்திருக்கவைக்கும் 'போல்' என்ற அழைப்பில் தூங்கும் நிரல் அப்போது எழும்.

போன ஞாயிறு பெட்டியை ஐயா வீட்டு மேசையில் வைத்தேன். மூன்று மாதிரிகள் கொண்டுவந்தார். தட்டில் தூளைக் கொட்டி, பெயின்ட் தூரிகையால் ஒரே படலமாகப் பரப்பி, தட்டைத் தள்ளினோம். பெட்டி 41 என்றது. ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியால் ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணினார். 38. மறுபடி எண்ணினார், 38தான். திரையில் பெட்டி கட்டம் போட்டுக் காட்டிய ஒவ்வொரு நாரையும் பெரிதாக்கச் சொல்லி, மூன்றைத் தொட்டுக் காட்டினார். மூன்றும் ஒரே தடிப்பு, ஒரே வளைவு, இரண்டு முனையும் வெட்டினாற்போல் நேராக.

"தம்பி, இது நார் இல்லை. உன் தூரிகையின் மயிர்."

வேறு தூரிகை வாங்க வேண்டும்.